பவுலின் கப்பல் ஒதுங்கிய துறை

மத்தியதரைக் கடலில் உள்ள கிரேத்தா (கிரீட்) தீவின் தென்கரையில் கலி லிமெனிஸ் என்று ஒரு சின்னக் குடா இருக்கிறது. வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரம் ‘நல்ல துறைமுகம்’ என்று சொல்வது இதைத்தான். கி.பி. 60 வாக்கில், ரோமுக்குக் கைதியாகப் போன அப்போஸ்தலர் பவுலையும் சேர்த்து 276 பேரைச் சுமந்த அலெக்சாந்திரியாக் கப்பல் இங்கே ஒதுங்கியது. அவ்வளவு பெரிய கப்பல் இந்தக் குடாவுக்கு ஏன் வந்தது, வந்தபின் ஏன் தங்கவில்லை? இரண்டுக்குமே காற்றுதான் காரணம்.

கோடையிலும் அதன் கடைசியிலும் அந்தக் கடலில் வடமேற்குக் காற்று விடாமல் வீசும். அன்றைய சரக்குக் கப்பலுக்குப் பெரிய சதுரப் பாய் ஒன்றுதான் பலம். அது காற்றுக்குக் குறுக்கே ஓடும், எதிர்த்து ஏறாது. அதனால் மாலுமிகள் தெற்கே திருப்பி, கிழக்குக் கோடியிலுள்ள சல்மோனே முனையைச் சுற்றித் தீவின் மறைவுக்குள் நுழைந்தார்கள். மலைகள் காற்றைத் தடுத்ததால் கரையோரமாக ஊர்ந்து மேற்கே வர முடிந்தது. ஆனால் கலி லிமெனிஸுக்குச் சில கிலோமீட்டர் மேற்கே, லித்தினோ முனையில், கரை சட்டென்று வடக்கே வளைகிறது. அதைத் தாண்டினால் மறைவு போச்சு. அதற்கு முன் நங்கூரம் போடத் தோதான கடைசி இடம் இந்தக் குடா.

சரி, குளிர்காலம் முடியும்வரை அங்கேயே இருந்திருக்கலாமே? பவுலும் அதைத்தான் சொன்னார். சிக்கல் என்னவென்றால், குடாவின் வாய் கிழக்கும் தென்கிழக்குமாகத் திறந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் தாழ்வழுத்தங்கள் கடக்கும்போது காற்று அந்தப் பக்கத்திலிருந்தும் வரும். அலை எவ்வளவு உயரும் என்பது காற்றின் வேகத்தோடு, அது தடையில்லாமல் கடல்மேல் ஓடிவரும் தூரத்தையும் பொறுத்தது. தெற்கே ஆப்பிரிக்கக் கரை 300 கி.மீ.க்கு அப்பால். வாசலில் உள்ள சிறு தீவுகள் அலையைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். (அவற்றில் ஒன்றில் இன்று கப்பல்களுக்கான எரிபொருள் தொட்டிகள் நிற்கின்றன.)

ஏறத்தாழ 70 கி.மீ. மேற்கே பேனிக்ஸ் துறைக்குப் போய்விடலாம் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். கிளம்பினால் கப்பலுக்கே சேதம் வரும் என்று பவுல் சொன்னது பலித்துவிட்டதால் மாலுமிகளை விவரமில்லாதவர்களாகப் பார்க்கிறோம். என்னைக் கேட்டால் அவர்கள் கணக்கில் பெரிய தப்பில்லை. நல்ல காற்று கிடைத்தால் ஒரு பகல் ஓட்டம்.

தென்றல் மெல்ல வீசியது, கிளம்பினார்கள். கொஞ்ச நேரத்தில் யூரோக்கிலிதோன் என்ற வடகிழக்குப் புயல் அடித்தது. தெற்கே தாழ்வழுத்தமும் வடக்கே பால்கன் பக்கம் உயரழுத்தமும் அமையும்போது குளிர்ந்த, கனமான காற்று தீவைத் தாண்டிப் பாயும். 2,456 மீட்டர் உயர இடா மலையும் அதை நிறுத்தாது. மலையேறிய காற்று மறுபக்கம் சரியும்போது இன்னும் வேகமெடுக்கும். போதாக்குறைக்கு, இடாவுக்கும் தெற்கே அஸ்தெரூசியா மலைகளுக்கும் நடுவே மெசாரா சமவெளி கிடக்கிறது. மதகு திறந்த ஏரித் தண்ணீர்போல அந்த இடைவெளியில் காற்று திரண்டு, லித்தினோ முனைக்கு அப்பாலுள்ள குடாவில் இறங்கும். அதாவது, கப்பல் கடக்கவேண்டிய அதே இடத்தில். அப்புறம் கிலவுதா என்ற குட்டித் தீவின் மறைவு கிடைத்த சற்று நேரத்தில்தான், பின்னால் இழுத்துவந்த படகையே மேலேற்ற முடிந்தது.

பேனிக்ஸ் இன்றைய லூத்ரோ கிராமத்தருகே இருந்தது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. ஆனால் லூத்ரோவின் துறை கிழக்கு நோக்கியது; வேதாகமமோ தென்மேற்கும் வடமேற்கும் நோக்கிய துறை என்கிறது. கி.பி. 365-இல் வந்த பெரும் நிலநடுக்கம் மேற்குக் கிரேத்தாவையே தூக்கிவிட்டது. தென்மேற்கு மூலையில் 9 மீட்டர் வரை. பழைய கடல்மட்டத்தில் அலை அரித்த கோடு அங்கே பாறைச் சுவர்களில் தலைக்கு மேலே தெரிகிறது. லூத்ரோ முனையின் மேற்குப் பக்கத்திலும் ஒரு குடா உண்டு. நிலம் எழும்புவதற்கு முன் கப்பல் நிற்கும் ஆழம் அதில் இருந்திருந்தால், வேதாகமம் சொல்லும் துறை அதுவாகவே இருக்கலாம்.