அணைக்குள் போட்ட சென்சார் எங்கே இருக்கிறது?

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் நீரின் தரத்தை அளக்க சென்சார் இறக்கினால், அதன் இடத்தை ஜி.பி.எஸ். காட்டிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காட்டாது. அந்த அலை தண்ணீரில் சில அங்குலம் இறங்குவதற்குள் மங்கிவிடும். இறக்கும்போது பரிசலில் இருந்தபடி குறித்துக்கொண்ட இடத்தையும் நம்ப முடியாது. மீன் வலையில் மாட்டினால் நங்கூரத்தோடு நகர்ந்துவிடும். அப்புறம் ஒலியை வைத்துத்தான் தேட வேண்டும்.

இடம் தெரிந்த மிதவையிலிருந்து ஓர் ஒலித்துடிப்பு போகும், சென்சார் பதில் கொடுக்கும். போய்வந்த நேரத்தில் சென்சார் எடுத்துக்கொண்ட தாமதத்தைக் கழித்து, பாதியாக்கி, ஒலி வேகத்தால் பெருக்கினால் தூரம். இரண்டு பக்கக் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆழத்தை அழுத்தமானி சொல்லிவிடும். மூன்று மிதவைகளிலிருந்து தூரம் கிடைத்தால் இடம் பிடிபடும். ஆனால் மூன்றையும் ஒரே கோட்டில் வைக்காதீர்கள். சென்சார் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று எந்தக் கணக்கும் சொல்லாது.

சரி, ஒலி வேகம் எவ்வளவு? இங்கேதான் நிறைய வேலை கெடுகிறது. 1826இல் ஜெனீவா ஏரியில் கொலாடன், ஸ்டர்ம் என்ற இரு அறிஞர்கள் நீருக்குள் மணியடித்து அளந்தபோது, 8 டிகிரி குளிரில் நொடிக்கு 1,435 மீட்டர் வந்தது. 25 டிகிரி நன்னீரில் அது ஏறக்குறைய 1,497. வெதுவெதுப்பான கடல்நீரில் 1,540 வரை போகும். கடலில் ஓடிய கருவியை அமைப்பை மாற்றாமல் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவந்தால், 500 மீட்டர் தூரத்தை 514 என்று காட்டும். கலங்கிய தண்ணீரில் 14 மீட்டர் தள்ளித் தேடச் சொன்னால் முங்குபவர் திட்டத்தான் செய்வார். ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவே, அடியில் அளந்து பார்த்தாலே போதும். கோடையில் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிர்ந்தும் இருந்தால், ஒலி நேராகப் போகாமல் குளிர்ந்த பக்கமாக வளையும் என்பதையும் மறக்க வேண்டாம். அறிக்கை கொடுக்கும் ஒப்பந்ததாரரிடம் எந்த வெப்பநிலையை வைத்துக் கணக்கிட்டார், பிழை எத்தனை மீட்டர் வரை இருக்கலாம் என்று கேளுங்கள். வெறும் புள்ளியை மட்டும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த அணையின் முழுக் கொள்ளளவு உயரமே 52 அடிதான். இவ்வளவு ஆழம் குறைந்த நீரில் ஒலி மேற்பரப்பிலும் அடிப்பாறையிலும் அணைச் சுவரிலும் மோதித் திரும்பும். சில நேரம் நேராக வந்ததைவிட எதிரொலியே பலமாகக் கேட்கும். எதிரொலி சுற்றி வருவதால் தூரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. அதனால் பத்து முறை அளந்து சராசரி எடுத்தாலும் பிழை போகாது. முதலில் வந்து சேர்ந்த துடிப்பு எது என்று பிரித்தெடுக்க வேண்டும், அது பலவீனமாக இருந்தாலும்.

ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் வேலை என்றால் இன்னொரு தொல்லை, நுரை. நீருக்குள் கலந்த காற்றுக் குமிழ்கள் ஒலியைச் சிதறடித்து விழுங்கிவிடும். மதகு திறந்து நுரை பொங்கும் நாளில் அதன் அருகே அளக்கவே வேண்டாம், மதகு அடைத்துத் தண்ணீர் தெளிந்தபின் போங்கள்.