செல்லைக் கொல்லாமல் உண்ணும் புழு

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியின் வேரை ஒரு நூற்புழு தாக்குகிறது என்று எழுதியிருந்தேன். “வேரைத் தின்றால் வேர் செத்துவிடும், அப்புறம் புழு எப்படி வாரக்கணக்கில் அதே இடத்தில் வாழும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. அது வேரைக் கடித்துத் தின்பதே இல்லை.

அறிவியல் பெயர் ஹெட்டிரோடெரா ஹியூமுலி. முட்டைக்கூடு நூற்புழு வகை. முட்டைக்குள்ளேயே ஒருமுறை தோலுரித்துவிட்டு இளம்புழு வெளியே வரும். நீளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. வாயிலுள்ள உள்ளீடற்ற ஊசியால் செல்களைத் துளைத்துக்கொண்டே வேருக்குள் நுழைந்து, நீரும் உணவும் ஓடும் குழாய்த்திசுவின் அருகே ஒரு செல்லைத் தேர்ந்தெடுக்கும்.

வழியெல்லாம் செல்களைச் சிதைத்து வந்த ஊசி இந்த ஒரு செல்லில் மட்டும் மிகப் பதமாக இறங்குகிறது. சுவரைத் துளைக்கும், உள்ளிருக்கும் மெல்லிய சவ்வையோ கிழிக்காமல் உள்நோக்கித் தள்ளும். பிறகு எச்சிலைச் செலுத்தும். அதிலுள்ள புரதங்கள் செல்லின் மரபணு இயக்கத்தையே மாற்றிவிடுகின்றன. அக்கம்பக்கத்துச் சுவர்கள் கரைகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட செல்கள் இப்படி ஒன்றாகி, பல உட்கருக்கள் கொண்ட ஒரே ராட்சதச் செல் ஆகலாம். செடி தன் உணவை அங்கே கொட்டுகிறது. எச்சிலே செல்லுக்குள் நுண்குழாயாக உறைந்து, பெரிய துகள்கள் ஊசியை அடைக்காதபடி வடிகட்டவும் செய்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

இந்த விவரங்களில் பெரும்பகுதி சோயா, உருளைக்கிழங்கு, சர்க்கரை பீட் ஆகியவற்றைத் தாக்கும் உறவினப் புழுக்களில் கண்டறியப்பட்டவை. செல்சுவரைக் கரைக்கும் நொதிகளின் மரபணுக்கள் 1998இல் உருளை, சோயாப் புழுக்களில்தான் கிடைத்தன. அவை பாக்டீரியா மரபணுக்களை ஒத்திருந்தன! பெரிய பயிரின் எதிரிக்கே ஆய்வுப் பணம் போகிறது. சிறு பயிர்களின் புழுக்களுக்கும் அதில் நியாயமான பங்கு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, மீதிக் கதை சுருக்கமானது. இன்னும் மூன்று தோலுரிப்புகள். ஆண் மெல்லிய புழுவாகி வேரை விட்டு வெளியேறும். பெண் நகராமல் எலுமிச்சை வடிவில் பருத்து, வேரின் தோலைப் பிளந்து வெளியே தெரியும். அது இறந்ததும் உடலே பழுப்பேறிக் கெட்டியான கூடாகி, உள்ளிருக்கும் முட்டைகளை மண்ணில் பல ஆண்டுகள் காக்கும்.

இத்தகைய புழுக்களுக்கு வழக்கமான மருந்து பயிர்ச் சுழற்சி. ஹாப்ஸோ நட்டால் பல்லாண்டு நிற்கும் கொடி. ஜெர்மனியின் ஹாலர்டாவ் போன்ற ஹாப்ஸ் விளையும் வட்டாரங்களில் ஆண்டுதோறும் அதைப் பிடுங்கி மாற்ற முடியாது. பிடுங்கினாலும், தொட்டால் அரிக்கும் நெட்டில் களையை வளரவிட்டால் புழுவுக்கு அதன் வேரும் போதும்.