ஒரு கம்பெனி கோட் எண், இன்னொரு கம்பெனி பெயிண்ட்: டார்க் கிரே அடிப்பவர்கள் கவனத்துக்கு

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை ரோட்டோரம் எழும்புகிற புது வீடுகளைப் பார்த்துக்கொண்டே போங்கள். முகப்பில் ஒரு பட்டையோ, தூணோ, மதிலோ டார்க் கிரேயில் இருக்கும். அழகான கலர்தான். ஆனால் மூன்று நான்கு வருஷம் கழித்து மதிலில் ஒரு பகுதியை இடித்துக் கட்டும்போதோ, பெயிண்டர் மாறி அவர் வேறு கம்பெனியைச் சொல்லும்போதோ சிக்கல் ஆரம்பிக்கும். பழைய டப்பா மூடியில் உள்ள கோட் எண்ணை போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்கு வருவார்கள். “அண்ணாச்சி, இதே கலரு, உங்க கம்பெனில போட்டுத் தாங்க.”

போட்டுத் தரலாம். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பிப் போட்டால், பழைய சுவருக்குப் பக்கத்தில் புதுச் சுவர் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். கலர் கலக்கும் மெஷின் பக்கத்திலேயே தினமும் நிற்கிறவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் கோட் எண். ‘நம் கம்பெனியின் இந்த பேஸில், நம் கம்பெனியின் இந்த ஸ்டெயினர்களை இத்தனை மில்லி விடு’ என்று மெஷினுக்குக் கொடுக்கிற உத்தரவுதான் அது. பேஸ் என்றால் சாயம் விடுவதற்கு முந்தைய பெயிண்ட், ஸ்டெயினர் என்றால் அதில் விடும் சாயம். ஏஷியன், பெர்ஜர், நெரோலாக், டியூலக்ஸ் எல்லோருக்கும் பேஸ் வேறு, ஸ்டெயினர் வேறு. ஒரு கறுப்பில் லேசாக நீலம் ஓடும், இன்னொரு கறுப்பில் பழுப்பு ஓடும். கம்ப்யூட்டரில் அடுத்த கம்பெனியின் எண்ணைத் தட்டினாலும் பெரும்பாலும் ஒரு கணக்கு வந்துவிடும். அது கிட்டத்தட்ட வரும் கணக்கு. தனிச் சுவருக்குப் போதும். பழைய பெயிண்டை ஒட்டி அடிக்கப் போதாது.

வெளிர் கலர் என்றால் இவ்வளவு பாடு இல்லை. அதில் பேஸ் முழுக்க வெள்ளை, சாயம் துளிதான். அந்த வெள்ளையைத் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. நம் மணவாளக்குறிச்சிக் கருமணலில் பிரித்தெடுக்கிற இல்மனைட் அதற்கு ஒரு மூலப்பொருள். கருமணலிலிருந்து வெள்ளைச் சாயம் வருவது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். டார்க் கிரேக்கு எடுக்கும் பேஸில் இந்த வெள்ளை மிகக் குறைவு. சிலவற்றில் இல்லவே இல்லை. அதனால் சாயம் விழ இடம் விட்டு, டப்பாவையும் குறைத்தே நிரப்பியிருப்பார்கள். கறுப்பு, கொஞ்சம் வெள்ளை, அப்புறம் மஞ்சளோ சிவப்போ நீலமோ சிறிதளவு. அந்தச் சிறிதளவுதான் கிரேயின் குணத்தைத் தீர்மானிக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதும் அதுதான்.

“வெள்ளை எமல்ஷன் வாங்கித் தாங்க, நானே ஸ்டெயினர் விட்டுக் கலக்கிக்கிடுறேன்” என்று சில பெயிண்டர்கள் சொல்வார்கள். வெளிர் சாம்பலுக்குச் சரி. டார்க் கிரேக்கு வேண்டவே வேண்டாம். பால் விட்ட சாயாவில் எவ்வளவு தூள் போட்டாலும் கட்டன் சாயா ஆகாது. வெள்ளை பேஸில் கறுப்பை ஊற்ற ஊற்ற நடுத்தர சாம்பலில் வந்து நின்றுவிடும். ஸ்டெயினர் சேர்ப்பதற்கு ஒரு வரம்பும் உண்டு. அதைத் தாண்டினால் பெயிண்ட் சரியாக இறுகாது, மழைக்குப் பிறகு கை வைத்தால் கறுப்பாக ஒட்டும்.

கருங்கல் பக்கமிருந்து ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தார். வீட்டு ஜன்னல்கள் எல்லாம் யுபிவிசி பிளாஸ்டிக், ஆந்த்ரசைட் கிரே என்கிற டார்க் கிரே. ஜன்னலைச் சுற்றி வரும் பட்டைக்கும் அதே கலர் வேண்டும் என்றார். கையில் எண் வைத்திருந்தார்: ரால் 7016. ரால் என்பது பெயிண்ட் கம்பெனி இல்லை. ஜெர்மனியில் 1927-ல் 40 கலர்களோடு தொடங்கிய பொதுத் தர வரிசை. பவுடர் கோட்டிங், ஜன்னல், கேட் என்று எல்லோரும் அந்த எண்ணைச் சொல்வதால், அதைப் போட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று நினைக்கிறார்கள்.

7016-ஐ மேட், அதாவது பளபளப்பில்லாத எமல்ஷனில் போட்டு, அட்டையில் ரோலரால் இரண்டு தடவை ஓட்டிக் காய வைத்தோம். ஜன்னல் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தால், அட்டை மாவு படிந்தது போல வெளிறித் தெரிந்தது. “எண்ணு ஒண்ணுதானே, பிறகெப்படி?” என்றார். அதே கணக்கை லேசான பளபளப்புள்ள பெயிண்டில் போட்டதும், கலர் கறுத்து ஜன்னலுக்குக் கிட்டே வந்துவிட்டது. மேட் பரப்பு வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், அதனால் அடர்ந்த கலர் வெளிறித் தெரியும். பளபளப்புக் கூடக் கூட ஆழம் கூடும். கம்பெனி மாற்றுகிறவர்கள் கோட் எண்ணைக் கேட்பதற்கு முன் பழையது மேட்டா, லேசாகப் பளபளக்கும் சாடினா, நன்றாகப் பளபளக்கும் கிளாஸா என்று பாருங்கள். பொருத்தம் பாதி அங்கேயே தப்பிப்போகிறது.

அவருடைய வேலை அங்கே முடியவில்லை. கடை டியூப்லைட்டில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோனோம். வெயிலில் அட்டை லேசாக ஊதா காட்டியது. மஞ்சள் எல்இடிக்கு அடியில் பிடித்தால் ஊதா போய்விட்டது. வேறு வேறு சாயங்களால் உண்டான கலர்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரியும். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். ஒரே கம்பெனியின் ஒரே கணக்கில் இந்தத் தொல்லை வராது. கம்பெனி மாறும்போது வரும், கிரேயில் பளிச்சென்று வரும். துளி மஞ்சள் கூட்டிச் சரிசெய்தோம். வெளிச்சுவருக்கான கலரைக் கடைக்குள் நின்று முடிவு செய்யாதீர்கள். வராந்தா என்றால் ராத்திரி எரியும் பல்புக்கு அடியிலும் பாருங்கள்.

போன் போட்டோவை வைத்துப் பொருத்தவே முடியாது. கேமரா தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தைத் திருத்திக்கொள்ளும். பெயிண்ட் துண்டு ஒன்று வேண்டும். பழைய சுவரில் கண்ணில் படாத இடத்தில் பட்டித் தகட்டால், ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக, சிதையாமல் பெயர்த்து எடுத்து வாருங்கள். அதைக் கலரை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் வைத்தால், அதற்கும் புதுப் பெயிண்டுக்கும் உள்ள வித்தியாசம் டெல்டா ஈ என்ற எண்ணாக வரும். ஒன்றுக்குக் கீழே வந்தால் சாதாரணக் கண்ணுக்குத் தெரிவது கஷ்டம். ஆனால் 7016 மாதிரியான கலர் தன் மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்குப் பத்துகூடத் திருப்பி அனுப்பாது. அளக்கவே வெளிச்சம் குறைவாக இருக்கும்போது தூசி, உப்பு, விரல் ரேகை எல்லாம் கணக்கைக் கெடுக்கும். துண்டை ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் வைக்க வேண்டும்.

குளச்சல், முட்டம் பக்கத்து வீடுகளில் இது இன்னும் முக்கியம். பழைய சுவரில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி ஒட்டினால் பெயிண்ட் வெயிலில் இற்றுப்போயிருக்கிறது, முதலில் அடித்த கலர் இப்போது அங்கே இல்லை. ஒரு பகுதிக்கு மட்டும் அடிப்பதாக இருந்தால் இன்றைய கலருக்குப் பொருத்த வேண்டும். முழுவதும் அடிப்பதாக இருந்தால் முதலில் இருந்த கலருக்கு. இதைக் கடைக்காரரிடம் சொல்லாவிட்டால் அவர் எதைப் பொருத்துவார்?

அப்புறம் உப்பு. கிறிஸ்துமஸுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று, ஐப்பசி மழையில் பூசிய புது மதிலுக்கு இரண்டு வாரத்தில் டார்க் கிரே அடித்துவிடுகிறார்கள். ஜனவரியில் “கலரு போயிட்டு” என்று வருகிறார்கள். கலர் எங்கும் போகவில்லை. சிமென்ட்டுக்குள் இருந்த உப்பு ஈரத்தோடு வெளியே வந்து வெள்ளையாகப் பூத்திருக்கிறது. வெள்ளைச் சுவரில் பூத்தாலும் தெரியாது, கிரேயில் திட்டுத் திட்டாகத் தெரியும். புதுப் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள் கொடுங்கள். மழை விடாமல் பெய்தால் அதற்கு மேலும்.

எமல்ஷன் ஈரத்தில் பால் கலந்தது போல வெளிறித் தெரியும், காய்ந்தால்தான் கறுக்கும். அதனால் ஈரத்தில் பார்த்துவிட்டு “இது வேற கலரு” என்று டப்பாவைத் திருப்பாதீர்கள். அடிக்கப்போகும் அதே சுவரில், செய்தித்தாள் பக்க அளவுக்கு, ரோலரால் இரண்டு தடவை ஓட்டி மறுநாள் பாருங்கள். சாம்பிளுக்குக் கால் லிட்டர் போடுவதைவிட ஒரு லிட்டராகப் போடச் சொல்வது நல்லது. அளவு குறையக் குறைய மெஷின் விடும் சொட்டு மிகச் சிறியதாகி, கணக்கு கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ போடப்பட்டுக் கலர் நகரும். எல்லா பக்கெட்டும் வந்த பிறகு ஒரு பெரிய டிரம்மில் ஒன்றாகக் கலக்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு பொருந்தினாலும் சுவரின் நடுவில் பழையதும் புதியதும் சேரக் கூடாது. ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை, அல்லது தூணிலிருந்து தூண் வரை அடித்து நிறுத்துங்கள். திரும்பும் இடத்தில் வெளிச்சமே மாறுவதால் சின்ன வித்தியாசம் கண்ணில் படாது.

இப்போதுதான் புதிதாக அடிக்கிறீர்கள் என்றால், டப்பா மூடியில் ஒட்டும் ஸ்டிக்கரைக் கிழித்துப்போடாமல் வையுங்கள். கம்பெனி, பெயிண்டின் முழுப் பெயர், பேஸ், கோட், பேட்ச் எண் எல்லாம் அதில் இருக்கும். ஒரு சிறு பலகையில் அதே பெயிண்டை அடித்து, வெயில் படாமல் அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். கையளவு இடத்தைச் சரிசெய்ய மட்டும் வந்து, பழைய கம்பெனி பெயிண்ட் ஊரில் கிடைக்கிறது என்றால், அது நான் விற்கிற கம்பெனியாக இல்லாவிட்டாலும் அங்கேயே வாங்கச் சொல்லி அனுப்பிவிடுவேன்.