அந்தக் கேள்விக்குறியை நான்தான் போட்டேன்

என் கிளினிக் மேடவாக்கத்தில் இருக்கிறது. சுற்றிலும் அடுக்குமாடி வேலை, பெரும்பாக்கம் பக்கம் போனால் மெட்ரோ தூண்கள், இதையெல்லாம் கட்டுகிறவர்கள் தங்கும் தகரக் கொட்டகைகள். சாயங்கால ஓ.பி.யில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் மூன்று நான்கு பேர் சைட்டிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். உட்கார்ந்திருந்தால் என்று எழுதிவிட்டேன். அவர்கள் நிற்பார்கள். நாற்காலி காலியாக இருந்தாலும் சுவரோரமாக நிற்பார்கள். பல வருஷமாக அதைப் பார்த்தும் எனக்கு உறுத்தியதில்லை.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியது ஞாபகமிருக்கலாம். ஹோலிக்காக ஊருக்குப் போகிறவர்களோடு பயந்து போகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். குடும்ப வாட்ஸப் குழுவில் ‘வடக்கன்’ என்று எழுதிய சித்தப்பா பையனோடு நான் சண்டை போட்டேன். எம்.டி. படித்தது வடக்கே. ஹாஸ்டலில் மூன்று வருஷம் ‘மதராசி’ என்று கூப்பிடப்பட்டவள். பாகுபாடு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு உள்ளே கெட்டியாக உட்கார்ந்திருந்தது. அந்த நினைப்போடுதான் மே மாதத்தில் அவரைப் பார்த்தேன். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டு, சரி என்ற பிறகே எழுதுகிறேன்.)

22 வயது. சைட் சூப்பர்வைசர் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். “இவனுங்களுக்குத் திங்கக்கிழமை ஆனா வலி வந்துடும் டாக்டர். ஒரு ஊசி போட்டு அனுப்புங்க.” நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. பையனிடம் திரும்பி, “க்யா ஹுவா? கிதர் தர்த் ஹை தும்கோ?” என்றேன், தேவைக்கு மேல் சத்தமாக. எனக்குத் தெரிந்த இந்தியில் ‘ஆப்’, அதாவது ‘நீங்கள்’, உண்டு. ஹாஸ்டலில் சீனியர்களிடம் ஒருநாளும் அது தவறியதில்லை. சைட்டிலிருந்து வருகிறவர்களிடம் மட்டும் தானாகவே ‘தும்’, அதாவது ‘நீ’, வந்துவிடும்.

கை, தொடை, முதுகு எல்லாம் வலி என்றார். கண்ணில் லேசாக மஞ்சள் இருந்தது. பார்த்தேன். குடி என்று முடிவு செய்தேன், கேட்காமலே. சட்டைப் பையிலிருந்து லேமினேட் செய்த ஏதோ ஓர் அட்டையை எடுத்தார். லேபர் கார்டு போலிருக்கிறது என்று கையசைத்து உள்ளே வைக்கச் சொன்னேன். டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி, மூன்று நாளைக்கு மாத்திரை. சீட்டில் ‘உடம்பு வலி, ?ஃபங்ஷனல்’ என்று எழுதினேன். வெளியாட்களுக்கு அது புரியாது. டாக்டர் டாக்டருக்கு எழுதும் சங்கேதம் அது. உடம்பில் ஒன்றும் இல்லை, ஆள் நடிக்கிறான் என்று நினைக்கிறேன் என்பதை மரியாதையாக எழுதும் வழி. முன்னால் போட்ட கேள்விக்குறி என் தலையைக் காத்துக்கொள்ள.

ஜூனிலும் அதே வலி, அதே ஊசி, அதே சீட்டு. ஜூலையில் வலியோடு காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்து, உடன் வேலை செய்கிறவர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அரிவாள் செல் ரத்தசோகை. நெஞ்சில் சிக்கல் ஆரம்பித்திருந்தது. பிழைத்தார்.

அரிவாள் செல் நோயில், ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு தன் வட்டத் தட்டு வடிவை இழந்து அரிவாள் மாதிரி வளைகிறது. உடம்பில் நீர் வற்றினால் இது இன்னும் வேகமாக நடக்கும். வளைந்த அணுக்கள் மெல்லிய ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ள, அதற்கு அப்பால் இருக்கிற எலும்பும் தசையும் ரத்தமில்லாமல் தவிக்கின்றன. வலியிலேயே கொடிய வலிகளில் ஒன்று அது. இந்த அணுக்கள் சீக்கிரம் உடைந்துபோவதால் கண் மஞ்சளாகத் தெரியும். ஈரலுக்கும் சாராயத்துக்கும் அந்த மஞ்சளில் பங்கில்லை. சென்னை மே மாதம், கான்கிரீட் தளம், குடிதண்ணீர் கீழே மூன்று மாடி தள்ளி: இந்த நோய் இருப்பவருக்கு வலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஞாயிற்றுக்கிழமையும் தளம் போடும் வேலை நடக்கும் சைட் அது. திங்கட்கிழமை வலிக்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை வெயில். நீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இந்த நோயில் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனம். அதை நான் இரண்டு தடவை குத்தி அனுப்பினேன்.

மேற்கு ஒடிசாவில் சம்பல்பூர், பர்கர், பலாங்கீர் பக்கம் இந்த நோய் அதிகம். அந்தப் பக்கத்து ஜனங்கள்தான் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் இங்கே வருகிறார்கள். எம்.டி. பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவள் நான். தெரியாமல் நடந்த தவறில்லை. ‘பலாங்கீர்’ என்ற பெயர் என் காதில் விழுந்திருந்தால் மண்டையில் மணி அடித்திருக்கும். ஊர் எது என்று நான் கேட்கவே இல்லை. ரிசப்ஷனில் இருக்கும் பெண் நோட்டில் ‘பீகார் பையன்’ என்று எழுதியிருந்தாள். அவருக்கு இந்தியும் அரைகுறை, தாய்மொழி ஒடியா. நான் இந்தியில் கத்தியது, அவர் இந்தியில் தட்டுத் தடுமாறியது, இரண்டுமே இரண்டு பேருக்கும் அந்நிய பாஷையில்.

சிகாகோவில் ஹெரிக் என்ற டாக்டர் 1910இல் இந்த நோயை முதலில் விவரித்து எழுதினார். அவரிடம் வந்தவர் கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த கருப்பின மாணவர். அமெரிக்காவில் இந்த நோய் உள்ள கருப்பினத்தவர்கள் வலி என்று போனால், போதை ஊசிக்காக நடிக்கிறார்களோ என்ற சந்தேகத்தைத் தாண்டித்தான் மருந்து வாங்கவேண்டியிருக்கிறது. 2016இல் வர்ஜீனியாவில் நடந்த ஓர் ஆய்வில், வெள்ளை மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களில் பாதிப்பேர், கருப்பர்களின் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள். நம்பியவர்கள் கருப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். இதை முதலில் படித்தபோது ‘சே, என்ன மனுஷங்க’ என்றுதான் நினைத்தேன். “சைட்டு ஆளுங்களுக்கு உடம்பு இரும்பு மாதிரி” என்று டீ குடித்துக்கொண்டே நாங்கள் பேசுவது அதே பேச்சு என்று அப்போது படவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தியாவில் இந்த ரத்தக் குறையை முதலில் கண்டது ஒடிசாவில் இல்லை. 1952இல் லேமான், கட்புஷ் என்ற இருவர் கண்டார்கள், நம் நீலகிரிப் பழங்குடியினரிடம். மலேரியா பல தலைமுறை ஆட்டிவைத்த இடங்களில் இந்த மரபணு தங்கும். ஆப்பிரிக்கா, அரேபியா, மத்தியதரைக் கடலோரம், நம் மலைகள் என்று எங்கேயும். ‘அவங்க நோய்’ என்று ஒதுக்க வழியே இல்லை.

மன்னிப்புக் கேட்டதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் தடவை சொதப்பினேன்.

டிஸ்சார்ஜ் சீட்டோடு வந்தார், பக்கத்தில் அதே சூப்பர்வைசர். நான் இந்தியில், “கூட்டம் ஜாஸ்தி, பாஷை புரியல, நீயும் சரியா சொல்லல, அதான் இப்படி ஆயிடுச்சு, சாரி” என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். அவர் உடனே கை கூப்பி, “கோயி பாத் நஹி, மேடம்” என்று சிரித்தார். அப்பாடா என்றிருந்தது. ராத்திரி வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் உறைத்தது. நான் சொன்ன வாக்கியத்தில் கூட்டம் குற்றவாளி, பாஷை குற்றவாளி, அவரும் குற்றவாளி. நான் எங்கேயும் இல்லை. கூலி தருகிறவர் பக்கத்தில், மருந்து தருகிறவள் எதிரில். அந்த மனிதர் பரவாயில்லை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லமுடியும்? மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தவர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்த முறை தனியாக வரச் சொன்னேன். உட்காரச் சொன்னேன். உட்கார மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது. யார் மொழிபெயர்த்தால் உங்களுக்குச் சரி என்று கேட்டேன். ஊரில் இருக்கும் பெரியப்பா மகனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்த அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் 6 வருஷம் இருந்தவராம். “சொல்லுங்க டாக்டரம்மா, கேக்குதுங்க” என்றார். பலாங்கீரிலிருந்து கொங்குத் தமிழ்!

நான் முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததைச் சொன்னேன். “உங்க தம்பி வலின்னு சொன்னப்ப நான் நம்பல. கண்ணு மஞ்சளா இருந்ததைக் குடின்னு நினைச்சேன், அவரைக் கேக்கல. சைட்டுல வேலை செய்யற வெளிமாநில ஆள்னு நினைச்சதாலதான் அப்படி. இங்க இருக்கிற ஒரு ஐ.டி. பையன் இதே வலியோட வந்திருந்தா ரத்தம் எடுத்திருப்பேன். தப்பு என்னுது.” அதோடு நிறுத்திக்கொண்டேன். நிறுத்துவது கஷ்டம். நாக்கு நுனியில் ‘ஆனா’ வந்து நிற்கும்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அவன் குடிக்கவே மாட்டானுங்க” என்றார் அண்ணன். பிறகு, “ஏனுங்க, அட்டையக் காட்டுனான்னு சொன்னானே, பாக்கலீங்களா?” என்றார்.

அந்த லேமினேட் அட்டை. அவர்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்துக் கொடுத்தது. ஒடியா எழுத்துக்கு நடுவே ஆங்கிலத்தில் நோயின் பெயர் அச்சாகியிருக்கிறது. மே மாதம் முதல் நாளே நோயாளி தன் நோயை எழுத்தில் கொண்டுவந்து என் மேஜைக்கு மேலே நீட்டியிருக்கிறார். எனக்கு முகம் சுட்டது. எழுதி வைத்ததில் இதற்கு வாக்கியம் இல்லை. “காட்டினார். நான் பாக்கல” என்று மட்டும் சொன்னேன். மன்னிப்பை ஒடியாவில் எப்படிச் சொல்வது என்று அண்ணனிடம் கேட்டு, அவரைப் பார்த்து “க்ஷமா கரிபே” என்றேன். என் பாட்டி ‘க்ஷமிக்கணும்’ என்பாள். அதே சொல், தூரத்து உறவு போல.

இந்தத் தடவை அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்று எழுதினால் மறுபடி என்னைப் பற்றியே பேசுவதாகும், விடுங்கள். அவர் கேட்டது இரண்டு. காண்டிராக்டருக்குக் கடிதம் வேண்டும்: வேலை செய்யும் மாடியிலேயே தண்ணீர் கேன், மத்தியான வெயிலில் தளத்து வேலை வேண்டாம் என்று. அடுத்தது, சொந்தத் தம்பியும் அதே சைட்டில் இருக்கிறான், அவனுக்கும் ரத்தம் பார்க்கணும். கடிதத்தில் தன் பெயரைச் சரியாக எழுதச் சொல்லி எழுத்து எழுத்தாகச் சொன்னார். பழைய சீட்டுகளில் ‘?ஃபங்ஷனல்’ மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியான நோயின் பெயர், தேதி, என் கையெழுத்து. மை பூசி மறைக்கவில்லை. இந்த வலி அடிக்கடி வராமல் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மருந்தை அரசு மருத்துவமனையில் ஆரம்பித்திருந்தார்கள், தொடர்கிறார்.

மனதுக்குத் தெரியாத சாய்வை அளக்க, ஆண்டனி கிரீன்வால்டும் சக உளவியலாளர்களும் 1998இல் வெளியிட்ட ஒரு கம்ப்யூட்டர் சோதனை பிரபலம். நானும் செய்துபார்த்தேன். ஒரே ஆளுக்கு இன்று ஒரு மதிப்பெண், அடுத்த வாரம் வேறு மதிப்பெண் வரக்கூடும் என்ற விமர்சனம் அதற்கு உண்டு. என்னைக் கேட்டால் டாக்டர்களுக்கு அதைவிட நல்ல கருவி மேஜை டிராயரிலேயே இருக்கிறது. ஒரு மாதத்து ஓ.பி. சீட்டுகளை எடுத்து வைத்துப் படித்தேன். காய்ச்சல் என்று வந்த தமிழ்ப் பெயர்களுக்கு நாலைந்து வரி: எத்தனை நாள், வீட்டில் யாருக்காவது, சர்க்கரை உண்டா. மற்றப் பெயர்களுக்கு ஒன்றரை வரி. எனக்கு யார் மேலும் வெறுப்பில்லை என்று இப்போதும் கோயிலில் சத்தியம் செய்வேன். கேட்காமல் விட்ட கேள்விகள் மட்டும் அங்கே வரிசையாகக் கிடந்தன.

அந்த அடுக்கிலேயே ஒரு பார்லரில் வேலை செய்யும் அஸ்ஸாம் பெண் அகப்பட்டார். ரிசப்ஷன் நோட்டில் ‘நேபாளி பொண்ணு’. ரத்தம் குறைவு, சிவப்பணு அளவில் சிறிது, ஆகவே இரும்புச்சத்து மாத்திரை என்று பல மாதம் கொடுத்திருக்கிறேன். வடகிழக்கில் ஹீமோகுளோபின் ஈ என்ற மரபுக்கூறு சர்வசாதாரணம். அதிலும் அணு சிறுத்தே இருக்கும், இரும்பு கொடுத்தாலும் மாறாது. கூப்பிட்டுச் சோதித்தோம், அதுதான். அவரிடமும் சொன்னேன். அவர் அவ்வளவு சுலபமாக விடவில்லை. “2020இல் கொரோனா சமயத்தில் தெருவில் என்னைப் பார்த்து ‘சைனா’ என்றார்கள். இங்கே நேபாளி. எப்போதாவது யாராவது என்னிடமே கேட்பீர்களா?” என்றார், நல்ல தமிழில். பதில் இல்லை. நோட்டில் ஆளை ஊர் பெயரால் எழுதும் வழக்கத்தை அன்றே நிறுத்தினோம். இப்போது எல்லோரிடமும், மயிலாப்பூர்க்காரரோ மிசோரம்காரரோ, ஒரே இரண்டு கேள்வி: சொந்த ஊர் எது, வீட்டில் யாருக்காவது ரத்தக் குறையோ அடிக்கடி எலும்பு வலியோ உண்டா. மறுமாதமே நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்து மாணவி ஒருவருக்கு இந்தக் கேள்வி உதவியது.

போன வாரம் அதே சூப்பர்வைசர் வேறொரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கறுத்த முகம், செம்பட்டை அடித்த முடி, கழுத்தில் சிவப்புக் கயிறு, வாயில் ஹான்ஸ். “நீங்க வெளிய இருங்க சார்” என்று சூப்பர்வைசரை அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, ரொம்பப் பணிவாக, “ஆப்கா நாம் க்யா ஹை? ஆப்கா காவ்ன் கஹாம் ஹை?” என்று கேட்டேன்.

பையன் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தான்.

“விழுப்புரம்க்கா. தமிழ்லயே கேளுங்க.”