மலையின் அமைதியும் காது இரைச்சலும்

பணி ஓய்வுக்குப் பிறகு நிம்மதியாக இருக்கலாம் என்று திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீடு பார்த்து வருகிறவர்களில் சிலர், வந்த சில வாரங்களிலேயே என்னைப் போன்ற செவித்திறன் நிபுணர்களைத் தேடி வருகிறார்கள். மில்லிலோ பனியன் கம்பெனியிலோ வேலை பார்த்த காலத்தில் இருந்தும் இல்லாததுபோல் இருந்த காது இரைச்சல், மலைக்கு வந்ததும் இரவெல்லாம் தூங்கவிடாமல் வதைக்கிறது என்பதே அவர்களுடைய முறையீடு. குளிரால் வந்ததா, உயரத்தால் வந்ததா என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் இரண்டுமில்லை. சமவெளியில் அவர்களுடைய படுக்கையறையில் ஆண்டு முழுவதும் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. உதகையிலும் குன்னூரிலும் பெரும்பாலான வீடுகளில் மின்விசிறியே கிடையாது. குளிருக்குப் பயந்து சன்னலையும் சாத்திவிட்டால், இரவு பத்து மணிக்கு மேல் அந்த அறையில் காதுக்குக் கேட்பது காதின் இரைச்சல் ஒன்றுதான்.

காது இரைச்சல் என்பது தனி நோயன்று, ஓர் அறிகுறி. வெளியே ஒலி எதுவும் இல்லாதபோதும் ரீங்காரமாகவோ, விசிலாகவோ, பூச்சி கத்துவதுபோலவோ, கடல் இரைவதுபோலவோ ஒலி கேட்பதே அது. உட்காதில் ஒலியை நரம்புச் சமிக்ஞையாக மாற்றுவதற்கென்று ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. வயதாலும் ஓசையாலும் சில மருந்துகளாலும் அவை அழிகின்றன. மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. அங்கிருந்து வரும் சமிக்ஞை குறையும்போது, தூரத்து ரேடியோ நிலையத்தைப் பிடிக்க ஒலியளவைக் கூட்டினால் கரகரப்பும் சேர்ந்து கூடுவதைப்போல, மூளையின் கேட்கும் பாதைகள் தமக்கு வருவதைப் பெருக்கிப் பார்க்கின்றன என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். சுற்றிலும் நிசப்தம் கூடக் கூட இந்தப் பெருக்கமும் கூடும். 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், செவித்திறனில் குறை ஏதும் இல்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் சில நிமிடங்கள் அமர வைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். ஏதோ ஓர் ஒலி கேட்பதாக 94 விழுக்காட்டினர் எழுதினார்கள். முழு நிசப்தத்தில் ஏதாவது கேட்பது மனித இயல்பு என்பதை, பயந்துபோய் வருகிற ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்வது இந்த ஆய்வை வைத்துத்தான்.

ஆகவே, இரைச்சல் உள்ளவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது படுக்கையறைக்குள் மெல்லிய ஒலி ஒன்றைக் கொண்டுவருவதை. சிறிய மேசை விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஓட விடலாம்; காற்று மேலே படாமல் ஓசை மட்டும் வரும். கைப்பேசியில் மழை அல்லது ஓடை ஒலியை வைத்துக்கொள்ளலாம். அந்த ஒலி, இரைச்சலை முற்றிலும் மூடிவிடக் கூடாது. அதற்குச் சற்றுத் தாழ்வாக, இரண்டும் சேர்ந்து காதில் விழும் அளவில் இருக்க வேண்டும். இரைச்சலை முழுவதும் மறைத்துவிட்டால் மூளை அதற்குப் பழகுவதற்கே வாய்ப்பில்லாமல் போகிறது. இங்கே மழைக்காலத்தில் தகரக் கூரை வேய்ந்த லைன் வீடுகளில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருப்பவர்கள், மழை பெய்யும் இரவுகளில் நன்றாகத் தூங்குவதாகத் தாமாகவே சொல்வார்கள். காரணம் இதுதான்.

தேயிலைத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் அரவை இயந்திரத்தின் பக்கத்திலும் உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்திலும் நின்ற ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோதனை அறையில் ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும்படி சொல்லியிருந்தேன். நான் ஒலியே கொடுக்காத நேரத்திலும் அவர் அழுத்திக்கொண்டிருந்தார். "மேடம், நீங்க குடுத்த சத்தமா, என் காதுல கேக்குற சத்தமா, எனக்கே தெரியல" என்றார், ஏதோ தவறு செய்துவிட்டவரைப்போல. இரைச்சல் உள்ளவர்களிடம் இது வழக்கம். அவர்களுக்கு ஒரே சீரான ஒலிக்குப் பதிலாக விட்டு விட்டு வரும் துடிப்பொலியைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அவருடைய செவித்திறன் வரைபடத்தில், தொடர் ஓசையால் கெட்ட காதுகளில் வழக்கமாகக் காணும் பள்ளம் 4,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதிக்கு அருகே தெளிவாக இருந்தது. பிறகு அவர் கேட்கும் இரைச்சலுக்கு இணையான ஒலியைத் தேடினோம். சுருதி பொருந்தியதும் அளவைக் கூட்டிக்கொண்டே போனேன். அந்தச் சுருதியில் அவரால் கேட்க முடிகிற மிகக் குறைந்த அளவுக்கு மேலே வெறும் ஆறேழு டெசிபலிலேயே (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) "இதுதான், இதேதான்" என்று கையை உயர்த்தினார். பெரும்பாலானவர்களுக்கு இது 10 டெசிபலுக்குள்தான் வருகிறது. உடன் வந்திருந்த மனைவி, "இவ்வளவு சின்னதுக்கா இத்தனை நாளா தூங்காம கிடந்தீங்க?" என்று கேட்டுவிட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் அங்கேயே பதில் சொன்னேன், இங்கும் சொல்கிறேன். துன்பத்தின் அளவை இரைச்சலின் டெசிபல் தீர்மானிப்பதில்லை. இந்த ஒலி ஆபத்தானது என்று மூளை ஒருமுறை முடிவுகட்டிவிட்டால், அச்சத்தையும் விழிப்பையும் ஆளும் பகுதிகள் அதைக் காவல் காக்கத் தொடங்குகின்றன. காவல் காக்கக் காக்க அது இன்னும் பெரிதாகக் கேட்கிறது. ஜாஸ்ட்ரெபாஃப் என்ற ஆய்வாளர் 1990-இல் முன்வைத்த மாதிரியின் சாரம் இதுவே. அதன் அடிப்படையில்தான் இரைச்சலுக்குப் பழக்கும் சிகிச்சை முறை உருவானது. இரைச்சல் கற்பனை அன்று. அதனால் வரும் தவிப்பும் கற்பனை அன்று. ஆனால் தவிப்பைக் குறைக்க முடியும். அந்தத் தேயிலைத் தொழிலாளிக்குக் காதொலிக் கருவி பொருத்தினோம். பேச்சும் பறவை ஒலியும் மழையும் மறுபடி காதில் விழத் தொடங்கியபோது, பகல் பொழுதில் இரைச்சலைக் கவனிப்பது அவருக்கு வெகுவாகக் குறைந்தது.

இனி, இதன் உடன்பிறப்பான ஒலிக் கூச்சத்துக்கு வருகிறேன். இரைச்சலைவிட இது குறைவாகப் பேசப்படுகிறது. வீட்டாரால் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. குக்கர் விசில், எவர்சில்வர் தட்டு கீழே விழும் ஓசை, பள்ளி மணி, வளைவுகளில் பேருந்து அடிக்கும் ஹாரன் ஆகிய இவையெல்லாம் மற்றவர்களுக்குச் சாதாரணம். இவர்களுக்குக் காதுக்குள் வலியாகவே இறங்குகின்றன. கோத்தகிரி வட்டாரத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் குளிருக்குக் கட்டும் ஸ்கார்ஃபுக்கு அடியில் இரண்டு காதுகளிலும் நாள் முழுவதும் பஞ்சு வைத்திருந்தார். மதிய உணவு நேரத்தில் பிள்ளைகள் தட்டுகளை அடுக்கும் ஓசைக்குப் பயந்து நூலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பொதுவாக 90 டெசிபலுக்கு மேல்தான் ஒலி தாங்க முடியாததாகிறது. அவருக்கு 70-ஐ எட்டும் முன்பே முகம் சுருங்கியது.

பஞ்சுதான் அங்கே சிக்கலை வளர்த்துக்கொண்டிருந்தது. பஞ்சு உண்மையான பெருஞ்சத்தத்தைத் தடுப்பதில்லை. அன்றாட மெல்லொலிகளை மட்டும் மழுங்கடிக்கிறது. உள்ளே வரும் ஒலி குறைந்தால் மூளை பெருக்கத்தைக் கூட்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா? 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், கேட்பதில் குறை இல்லாதவர்களையே இரண்டு வாரம் காதடைப்பான் அணியச் செய்தபோது, ஒலிகள் அவர்களுக்கு முன்னைவிட உரக்கக் கேட்டன. மெல்லிய ஓசையைக் காதில் ஒலிக்கவிட்டவர்களுக்கு நேர்மாறாக, தாங்கும் திறன் கூடியது. ஆகவே பஞ்சை எடுப்பதுதான் சிகிச்சை, ஆனால் ஒரே நாளில் அல்ல. ஆசிரியை முதலில் மாலை நேரத்தில் வீட்டுக்குள் மட்டும் எடுத்தார். அப்போது பேச்சொலிக்கு வெகு கீழே மழையோசை ஒன்று அறையில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு வாசல், பிறகு ஆசிரியர் அறை, பிறகு வகுப்பறை. குக்கருக்கு வேறு வழி செய்தோம்: விசில் எப்போது வரும் என்று தெரியாமல் நடுங்கிக் காத்திருப்பதற்குப் பதிலாக, அடுத்த அறையில் நின்று எண்ணி, அடுப்பை அணைக்கும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். ஒலியின் வருகை தன் கையில் இருக்கும்போது அச்சம் பாதியாகிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இதற்குப் பல மாதங்கள் ஆயின. பள்ளி மணி அடிக்கும்போது இன்றும் அவர் சற்று விலகித்தான் நிற்கிறார், பஞ்சு போய்விட்டது.

வீட்டாருக்கும் இதில் வேலை இருக்கிறது. "இதெல்லாம் ஒரு சத்தமா, பழகிக்கோ" என்று மாமியார் சொல்வதும் உதவாது. ஒலிக் கூச்சம் உள்ளவருக்காகத் தொலைக்காட்சியை அணைத்து, பிள்ளைகளை அதட்டி, வீட்டையே மயான அமைதியாக்கிவிடுவதும் உதவாது. முன்னதைவிடப் பின்னதை நான் அதிகம் அஞ்சுகிறேன், ஏனெனில் அது அன்பால் செய்யப்படுகிறது, யாரும் தட்டிக்கேட்பதில்லை.

இப்படிச் சொல்வதால், எல்லா ஓசைக்கும் காதைக் கொடுக்கலாம் என்று பொருளாகாது. 85 டெசிபல் ஓசையில் நாளுக்கு 8 மணி நேரம்வரை இருக்கலாம்; அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது மருத்துவ நோக்கில் பாதுகாப்பான கணக்கு. அதன்படி 100 டெசிபலில் 15 நிமிடந்தான். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்வரை விடுகின்றன. காதுக்கு அது அதிகம் என்பதே என் கருத்து. தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்கும் கவாத்து இயந்திரத்தைப் பிடிப்பவர்களும் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களும் கட்டாயம் காதடைப்பான் அணிய வேண்டும். நுரை அடைப்பானை விரலால் மெல்லியதாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை விரலை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும். வெறுமனே காது வாயிலில் ஒட்டிவைத்தால் பயனில்லை. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் யானையை விரட்டப் பட்டாசு வெடிப்பவர்களின் நிலை இன்னும் கடினமானது. 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் என்பதே பட்டாசுக்குச் சட்டம் வகுத்த எல்லை. கைக்கு அருகில் வெடிக்கும்போது ஒரே வெடியில் காது நிரந்தரமாகக் கெடலாம். இருட்டில் யானைக்கு முன் நிற்பவரிடம் காதடைப்பானைப் பற்றிப் பேசுவது எளிதன்று. இருந்தும் அவர்களுடைய பைகளில் பட்டாசோடு ஒரு சோடி அடைப்பானும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மலைப்பாதையில் ஏறி இறங்கும்போது காது அடைத்து இரைவது வேறு கதை. மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் இடையே ஏறக்குறைய 1,900 மீட்டர் உயர வேறுபாடு இருப்பதால் காற்றழுத்தம் விரைவாக மாறுகிறது. எச்சில் விழுங்கினாலோ எதையாவது மென்றாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். சளி பிடித்திருந்தால் சற்று நேரமாகும். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காதில் பூண்டு எண்ணெய் ஊற்றுவதையும், குறும்பி எடுக்கக் கோழி இறகையும் ஹேர்பின்னையும் விடுவதையும் நிறுத்துங்கள். இரைச்சலைப் போக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை எதுவும் இல்லை. ஜிங்கோ என்ற மரத்தின் இலைச்சாற்று மாத்திரைகளுக்கும் நல்ல சான்று கிடையாது. தவிப்பைக் குறைப்பதில் சான்று வலுவாக இருப்பது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குத்தான். தூக்கம் கெட்டு, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

ஆஸ்பிரினை அதிக அளவில் எடுப்பவர்களுக்கும், அமிகாசின், ஜென்டாமைசின் ஊசிகளோ சில புற்றுநோய் மருந்துகளோ பெறுபவர்களுக்கும் இரைச்சல் வரலாம். மருந்தைத் தாமாக நிறுத்தாமல், கொடுத்த மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அது துடித்தாலோ, தலைச்சுற்றலும் உடன் இருந்தாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. எல்லாவற்றிலும் அவசரமானது, காலையில் எழும்போது ஒரு காது திடீரெனக் கேட்காமல் போவது. குளிருக்கு அடைத்திருக்கிறது, வெயில் வந்தால் திறக்கும் என்று எண்ணி வாரக்கணக்கில் காத்திருந்து வருகிறவர்கள் இங்கே அதிகம். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள், அதிலும் எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் பலன் தரும். அன்றே அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பஸ் போய்விட்டதென்றால், மறுநாள் முதல் பஸ்ஸில் செல்லுங்கள்.