வேலிடேஷன்: பற்சொத்தைப் பதிவேட்டுக்கு 'செல்லுபடி' பொருந்தாது

பிள்ளைகளின் பற்சொத்தை பற்றிய ஆய்வறிக்கைகளில் 'பதிவேட்டுத் தரவு வேலிடேட் செய்யப்பட்டது' என்று ஒரு வரி வரும், பதிவேட்டில் எழுதியிருப்பது உண்மையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தாயிற்று என்று அர்த்தம். தமிழில் எழுதுகிறவர்கள் அதைச் 'செல்லுபடியாக்கம்' என்று போட்டுவிடுகிறார்கள். அகராதியைப் பார்த்தால் சரிதான், ஆனால் இந்த இடத்தில் அந்தச் சொல் தப்பான பொருளைத் தருகிறது.

லத்தீனில் 'வலேரே' என்றால் வலுவாக இருத்தல், 'வலிடுஸ்' என்றால் வலுவானது. அந்த வேரிலிருந்து சட்ட வலுவுள்ள பத்திரத்தைக் குறிக்கும் சொல் வந்தது, அதுவே அறிவியலுக்கும் போனது. நம்முடைய செல்லுபடியும் காசு, பத்திரம் சார்ந்ததுதான். செல்லும் நோட்டு, செல்லாத நோட்டு என்கிறோம், ஓர் அதிகாரம் ஒப்புக்கொண்டால் செல்லும். ஆனால் ஒரு பிள்ளையின் கடவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறதா இல்லையா என்பதை எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட்டுச் செல்லுபடியாக்க முடியாது.

சரி, 'சரிபார்ப்பு' என்று சொல்லலாமே என்றால், அது தாளுக்குள்ளேயே நின்றுவிடும் வேலை. பால் பற்கள் மொத்தம் 20தான், மூன்று வயதுப் பிள்ளைக்கு 26 பல் என்று பதிந்திருந்தால் சரிபார்ப்பிலேயே மாட்டிக்கொள்ளும். நாலு சொத்தையை இரண்டு என்று எழுதியிருந்தால் மாட்டாது, கட்டங்கள் எல்லாம் ஒழுங்காக நிரம்பியிருக்கும்.

சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் கிராம நிர்வாக அலுவலர் நெல் என்று எழுதியிருந்தால், மேலதிகாரி சில புல எண்களை எடுத்துக்கொண்டு வயலுக்கே போய், நிற்பது நெல்தானா வாழையா என்று பார்ப்பார். வருவாய்த் துறையில் இதற்கு 'அஸ்மாயிஷ்' என்று பெயர், சோதித்தல் என்று பொருள்படும் பாரசீகச் சொல். பல் பதிவேட்டுக்கு வேலிடேஷன் என்பதும் இதுவேதான், வயலுக்குப் பதிலாகப் பிள்ளையின் வாய்.

செய்யும் முறை இப்படி: பதிவேட்டிலிருந்து சில பிள்ளைகளைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, பழைய பதிவைப் பார்க்காத, பயிற்சி பெற்ற ஒரு பல் மருத்துவர் மறுபடி பரிசோதிக்க வேண்டும், அதுவும் சீக்கிரமே, ஏனென்றால் மாதங்கள் தள்ளிப்போனால் சொத்தையே வளர்ந்துவிடும். சொத்தையானவை, சொத்தையால் இழந்தவை, அடைத்தவை என்று பற்களை எண்ணும் அளவை 1938-இல் வந்தது, இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. இதில் பிழை நுழைய நிறைய வழி உண்டு. ஏழு வயதில் தானாக விழுந்த பால் பல்லைச் சொத்தையால் இழந்ததாக எழுதிவிடலாம். ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீர் குடிக்கும் ஊர்களில் வரும் பழுப்புக் கறையைச் சொத்தை என்று எடுத்துக்கொள்ளலாம். பள்ளி வராந்தா வெளிச்சத்தில் இரண்டு பல்லுக்கு நடுவில் இருக்கும் சொத்தை தெரியாமலே போகலாம்.

இரண்டு கணக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைச் சதவீதத்தில் சொன்னால் ஏமாந்துவிடுவோம். நூறு பிள்ளைகளில் பத்துப் பேருக்குச் சொத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள், பதிவேடு ஒருவருக்கும் இல்லை என்கிறது. அப்போதும் 90 சதவீதம் ஒத்துப்போகும்! தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்க உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த 'கப்பா' அளவில் இதே பதிவேட்டுக்குக் கிடைப்பது சுழியம்.

டென்மார்க்கில் 1972 முதல் பிள்ளைகளின் பல் நலத்துக்கென்றே நாடு முழுமைக்குமான பதிவேடு உண்டு, அதை வைத்து ஆய்வுகள் நடக்கின்றன, அதனால் பதிவு எவ்வளவு உண்மை என்ற கேள்வி அங்கே பெரியது. இங்கும் 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பள்ளிக்கு வரும் குழு பார்க்க வேண்டியவற்றில் பற்சொத்தையும் ஒன்று. அப்படித் திரளும் எண்களை வைத்துப் பாளையங்கோட்டையில் சொத்தை குறைந்தது, மேலப்பாளையத்தில் கூடியது என்று ஒருவர் சொல்வதற்கு முன்னால், சில பிள்ளைகளின் வாயை இன்னொருவர் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே 'மெய்த்தன்மை ஆய்வு' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. சான்றிதழ்களுக்கு மெய்த்தன்மைச் சான்று கேட்பது ஏற்கெனவே பழகிய வழக்கு, மெய் என்றால் உண்மை, உடம்பு என்று இரண்டு பொருளும் உண்டு, இந்த வேலைக்கு இரண்டுமே வேண்டும். 'பதிவேட்டின் மெய்த்தன்மை ஆயப்பட்டது' என்று எழுதினால் வாசிக்கிறவர் உடனே 'யார் ஆய்ந்தார், எத்தனை பிள்ளைகளை?' என்று கேட்பார். செல்லுபடியைப் பேருந்துப் பாஸுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.