சிவாலய ஓட்டமும் ஒற்றை பாஸ்பேட்டும்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "முதல் தடவை சிவாலய ஓட்டம் போனபோது திற்பரப்பு தாண்டுவதற்குள் கால் இரண்டும் மரத்துவிட்டன. அப்புறம் ஒரு வருஷம் விடியற்காலையில் ஓடிப் பழகினேன். இந்தத் தடவை திருநட்டாலம் வரை போய்ச் சேர்ந்தேன். ஆனால் தொடை ஒன்றும் பருக்கவில்லையே, பலம் எங்கிருந்து வந்தது?"

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மகா சிவராத்திரியையொட்டி, முன்சிறை திருமலையில் தொடங்கி, கையில் பனையோலை விசிறியோடு 'கோவிந்தா, கோபாலா' என்று கூவிக்கொண்டு 12 சிவன் கோயில்களுக்கு ஓடியும் நடந்தும் போவது எங்கள் கன்னியாகுமரி மாவட்ட வழக்கம். சுமார் 100 கிலோமீட்டர். திற்பரப்பு மூன்றாவது கோயில்தான், திருநட்டாலம் கடைசி.

பலம் வந்த இடம் தசைச் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. சாப்பாட்டையும் ஆக்சிஜனையும் கொண்டு, செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி தயாரிக்கும் இடம் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். அமெரிக்காவில் ஜான் ஹாலசி எலிகளைப் பல வாரம் டிரெட்மில்லில் ஓடவிட்டு, அவற்றின் கால் தசையில் மைட்டோகாண்ட்ரியா நொதிகள் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்ததை 1967-ல் வெளியிட்டார். 'எலி ஓடுவதைப் பார்க்க எதற்குப் பணம்' என்று கேட்கும் அதிகாரிகள் எந்த நாட்டிலும் உண்டு. அவர்கள் கையில் காசோலைப் புத்தகம் இருப்பதுதான் என் கவலை.

சரி, ஓட்டம் நடக்கிறது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஏடிபியில் மூன்று பாஸ்பேட். தசை சுருங்கும்போது ஒன்று கழன்று, இரண்டு மிஞ்சும். இந்த இரண்டு பாஸ்பேட் பொருளையும் தமிழில் எழுதினால் ஏடிபி என்றே வந்து தொலைக்கும். அதனால் பாஸ்பேட்டை ரூபாயாக்கி, கையிலுள்ள காசை வைத்தே அடையாளம் சொல்கிறேன். தக்கலை பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் மூன்று ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டு ரூபாயோடு இருவர் நிற்கிறார்கள். ஒருவர் மற்றவருக்கு ஒரு ரூபாய் கொடுக்க, அவர் பஸ் ஏறிவிடுகிறார். கொடுத்தவர் ஒற்றை ரூபாயோடு ஸ்டாண்டிலேயே நிற்கிறார். தசையிலும் ஒரு நொதி இதே கைமாற்றைச் செய்கிறது. அங்கே மிஞ்சி நிற்பவர்தான் ஏஎம்பி.

செல் கவனிப்பது இந்த ஒற்றை ரூபாய்க்காரரை. மூன்று ரூபாய்க்காரர்கள் ஏராளம், சில பேர் குறைந்தால் தெரியவே தெரியாது. ஒற்றை ரூபாய்க்காரர்களோ வழக்கமாக விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதோடு அவர்கள் உருவாக இரண்டு ரூபாய்க்காரர்கள் ஜோடி சேர வேண்டும். ஆகவே இரண்டு ரூபாய்க்காரர்கள் இரு மடங்கானால், ஒற்றை ரூபாய்க்காரர்கள் ஏறக்குறைய நான்கு மடங்காகிறார்கள். சின்னத் தட்டுப்பாட்டைப் பெரிய சத்தமாக்கும் ஒலிபெருக்கி! இதை யாரோ உட்கார்ந்து வடிவமைத்ததுபோல எனக்கு இன்றும் தோன்றும். வெறும் வேதியியல் சமநிலைதான்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். ஏஎம்பி போய் ஒட்டியதும் ஏஎம்பிகே என்ற நொதி விழித்து, பிஜிசி-1 ஆல்ஃபா என்ற புரதத்தைத் தூண்டுகிறது. தசை சுருங்கும்போது வெளியாகும் கால்சியமும் அதே புரதத்தைத்தான் தட்டுகிறது. அது உட்கருவில் மரபணுக்களை இயக்க, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைப் புரதங்கள் வெளியிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வந்து சேர்கின்றன. அம்மா வழியாக வந்த தன் சொந்த டிஎன்ஏவைக் கொண்டு அது தானே செய்துகொள்வது வெறும் 13. இரண்டு பக்கமும் கணக்கு ஒத்துப்போனால் பழைய மைட்டோகாண்ட்ரியாவே வளர்ந்து, கிளைத்து, வலைபோலப் பரவும். தொடை பருக்காததன் காரணம் புரிகிறதா? மாற்றம் பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

மைட்டோகாண்ட்ரியா கூடினால் தசை கொழுப்பை அதிகம் எரிக்கும், கையிருப்புச் சர்க்கரையான கிளைக்கோஜனை மிச்சம் பிடிக்கும். 'மைட்டோகாண்ட்ரியா பூஸ்டர்' என்று வாட்ஸ்அப்பில் விற்கும் பொடியால் இந்த வேலை நடப்பதாக நம்புவதைவிட, மந்திரித்த கயிறு கட்டிக்கொள்ளலாம். செலவாவது குறையும்.

வாசகர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: அதே தூரம், அதே வேகம், ஆனால் ஆறு மாதமாக முன்னேற்றமே இல்லை, ஏன்? மைட்டோகாண்ட்ரியா பெருகிய பிறகு அதே ஓட்டத்தில் தட்டுப்பாடு குறைவு, பஸ் ஸ்டாண்டில் ஒற்றை ரூபாயோடு நிற்பவர்களும் குறைவு, அதனால் செல்லுக்குக் கேட்கும் சத்தமும் குறைவு. இரண்டாவது கோயிலான திக்குறிச்சி வரை ஓடுகிறவர் ஒரு நாளாவது திற்பரப்பை எட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் சிவராத்திரி முடிந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். சேர்த்த நொதிகள் சில வாரங்களிலேயே பழைய அளவுக்கு இறங்கிவிடும்.